தேடலுக்கு நல்கை, கதைக்கு உரிமை: சென்னைப் படைப்பாளிகளுக்கு ஒரு வழிகாட்டி

கோடம்பாக்கத்தில் ஒரு மாடி அறையில், 30,000 ரூபாய்க்கு நான் ஒரு கதையைத் தொலைத்திருக்கிறேன். தொலைத்தது அன்றைக்குத் தெரியவில்லை. ஆராய்ச்சிக்கு முன்பணம் என்று சொல்லிக் காசோலை கொடுத்தார்கள், மூன்று பக்க ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். எட்டு மாதம் அலைந்து நான் சேர்த்த பேட்டிகள், குறிப்புகள், உருவாக்கிய பாத்திரங்கள் அனைத்தும் எல்லா ஊடகங்களுக்கும், உலகம் முழுவதும், நிரந்தரமாக அந்த நிறுவனத்துக்கே சொந்தம் என்று இரண்டாம் பக்கத்தில் இருந்தது. அவர்கள் அதைப் படமாக்கவும் இல்லை, என்னால் அதைத் தொடவும் முடியவில்லை.

சித்திரக்கதை, அனிமேஷன், ஆவணப்படம், ஒலித்தொடர், கணினி விளையாட்டு என்று எதையாவது தொடங்க நினைத்து, ஆரம்பக்கட்டத் தேடலுக்கு நல்கை, அதாவது கிராண்ட், எங்கே கிடைக்கும் என்று கேட்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பணம் கிடைக்கும் இடங்கள் நாம் நினைப்பதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே இருக்கின்றன. ஆனால் எந்தப் பணத்துக்கு எதை ஈடாகக் கேட்கிறார்கள் என்று தெரிந்துகொண்ட பிறகுதான் விண்ணப்பத்தையே எழுதத் தொடங்கவேண்டும்.

பேச்சு அந்தரத்தில் நிற்காதிருக்க ஓர் உதாரணத்தை வைத்துக்கொள்வோம். பக்கிங்காம் கால்வாயில் சரக்குப் படகு ஓட்டியவர்களைப் பற்றி நீங்கள் ஒரு சித்திரக்கதைத் தொடர் செய்ய நினைக்கிறீர்கள். பின்னாளில் அதுவே அனிமேஷனாகவும் ஆகலாம்.

எதற்குப் பணம் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

“என் தொடரைத் தயாரிக்க உதவி வேண்டும்” என்று கேட்பதும் “இந்தக் கதைக்குள் என்ன இருக்கிறது என்று கண்டுபிடிக்க ஆறு மாதம் வேண்டும்” என்று கேட்பதும் ஒன்றல்ல. முதலாவதற்குக் கோடிக்கணக்கில் வேண்டும். பெயர் தெரியாதவருக்கு யாரும் தரமாட்டார்கள். இரண்டாவதற்குச் சில லட்சங்கள் போதும், அதைக் கொடுப்பதற்கென்றே நிறுவனங்கள் இருக்கின்றன. புதியவர்கள் பெரும்பாலும் முதலாவதைக் கேட்டு ஏமாறுகிறார்கள்.

கால்வாய்க் கதையில் ஏற்கெனவே தெரிந்தவை உண்டு. 1806இல் தொடங்கிய வெட்டு அது. தாது வருஷப் பஞ்ச காலத்தில் கூலிக்கு ஆள் வைத்து அடையாற்றையும் கூவத்தையும் இணைத்தார்கள். 1878இல் ஆளுநர் பக்கிங்காம் பிரபுவின் பெயர் வந்தது. இவை எந்தப் புத்தகத்திலும் கிடைக்கும். படகோட்டிகள் என்ன பாடினார்கள், இரவில் எங்கே தங்கினார்கள், படகு நின்றுபோனதும் அந்தக் குடும்பங்கள் எங்கே போயின என்பதெல்லாம் கிடைக்காது. அந்த இடைவெளிதான் உங்கள் ஆராய்ச்சி. அதை நான்கு வரியில் எழுதிக் காட்ட முடிந்தால் பாதி வேலை முடிந்தது.

விண்ணப்பத்துக்கு முன்பே ஒரு வாரம் நூலகங்களில் உட்காருங்கள். எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கிறது. போவதற்கு முன் ஓர் அறிமுகக் கடிதம் தயார் செய்துகொள்வது நல்லது. அதே எழும்பூரில் 1896இல் திறந்த கன்னிமாரா நூலகம். தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். பழைய தமிழ் இதழ்கள், நாடக நோட்டீஸ்கள், பாட்டுப் புத்தகங்களுக்கு அதைவிட்டால் வேறு இடம் எனக்குத் தெரியாது. அங்கே பறக்கும் ரயிலில் போனால் வழியின் பெரும்பகுதி அந்தக் கால்வாயை ஒட்டித்தான் போகிறீர்கள். தூண்கள் நிற்பது உங்கள் கதைக்குள்ளே.

கையில் எடுக்கும் பொருள் யாருடையது

பழைய பாடலோ கதையோ உங்கள் படைப்புக்குள் வருமானால் அதன் உரிமையை இப்போதே பார்த்துவிடுங்கள். எழுத்தாளர் இறந்த ஆண்டு முடிந்து 60 ஆண்டுகள் வரை பதிப்புரிமை நீடிக்கும். புதுமைப்பித்தன் 1948இல் மறைந்தார். இந்தக் கணக்குப்படி அவர் எழுத்தின் உரிமைக்காலம் 2008 முடிவோடு தீர்கிறது. தமிழ்நாட்டில் இன்னொரு வழியும் உண்டு, இது நமக்கே உரிய வசதி: அரசு வாரிசுகளுக்குப் பரிவுத்தொகை கொடுத்து எழுத்தாளர்களின் நூல்களை நாட்டுடைமை ஆக்குகிறது. பாரதியில் தொடங்கிய வழக்கம் இது. பாரதிதாசன், கல்கி என்று பட்டியல் நூறைத் தாண்டி நீள்கிறது. அந்த நூல்களை யாரிடமும் கேட்காமல் எடுத்தாளலாம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலேயே பல கிடைக்கின்றன.

ஒரு கண்ணி உண்டு. நாட்டுடைமை ஆனது எழுத்துதான். கல்கியின் தொடர்களுக்கு மணியம் வரைந்த ஓவியங்கள் அந்தக் கணக்கில் சேராது, அவற்றுக்குத் தனி உரிமை. பழைய திரைப்பாடலைப் பின்னணியில் ஓடவிடுவதும் அப்படித்தான். டீக்கடை வானொலியில் தற்செயலாக ஓடிய பாட்டு என்று நீங்கள் சொல்லலாம், விநியோகஸ்தர் ஏற்கமாட்டார்.

கூட்டாளியோடு ஒரு பக்கம்

நீங்கள் எழுதுகிறீர்கள், கல்லூரி நண்பர் வரைகிறார். “நமக்குள் என்ன” என்று இருவரும் சொல்லிக்கொள்வீர்கள். பணம் வந்த மறுநாள் அந்த வசனம் மாறும். கதை யாருடையது, பாத்திரங்களின் உருவம் யாருடையது, ஒருவர் விலகினால் மற்றவர் தொடரலாமா, வருமானம் என்ன விகிதம் என்ற நான்கு கேள்விகளுக்கு ஒரே பக்கத்தில் பதில் எழுதி இருவரும் தேதியோடு கையெழுத்திடுங்கள். வழக்கறிஞர் மொழி தேவையில்லை.

சட்டம் இங்கே கொஞ்சம் விசித்திரமானது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவுப்படி, சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர் வேலையின் பகுதியாகச் செய்த படைப்புக்கு முதலாளியே முதல் உரிமையாளர். வெளியிலிருந்து எழுதித் தருகிறவருக்கு அப்படியல்ல; எழுதிக் கொடுத்தால் தவிர உரிமை அவரிடமே இருக்கும். ஆனால் காசு கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படம், வரையச் சொன்ன ஓவியம், உருவப்படம் ஆகியவற்றுக்குப் பணம் கொடுத்தவரே உரிமையாளர் ஆகிவிடுகிறார், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால். எழுத்தாளருக்கு ஒரு நியாயம், ஓவியருக்கு ஒரு நியாயம். உங்கள் ஓவிய நண்பரிடம் இதைச் சொல்லிவிட்டு அந்தப் பக்கத்தை எழுதுங்கள். சொல்லாமல் எழுதுவது அழகல்ல.

பதிவு: கிண்டிக்கா, டெல்லிக்கா?

நம் செய்தித்தாள்கள் பதிப்புரிமையையும் கண்டுபிடிப்புக்கான உரிமையையும் காப்புரிமை என்ற ஒரே சொல்லால் எழுதுவதால் நேரும் குழப்பம் கொஞ்சநஞ்சமல்ல. கிண்டி ஜி.எஸ்.டி. சாலையில் இருக்கும் அறிவுசார் சொத்துரிமை அலுவலகக் கட்டடம் கண்டுபிடிப்புகளுக்கும் வணிகக்குறிகளுக்கும் (டிரேட்மார்க்) உரியது. புவிசார் குறியீட்டுப் பதிவகமும் அங்கேதான். கதையைத் தூக்கிக்கொண்டு அங்கே போகாதீர்கள். பதிப்புரிமை அலுவலகம் டெல்லியில் இருக்கிறது, விண்ணப்பம் இணையவழியில்.

பதிப்புரிமை எழுதிய கணமே பிறந்துவிடும், பதிவு கட்டாயமில்லை. பதிவுச் சான்று நீதிமன்றத்தில் முதல்நோக்குச் சாட்சியமாக, அதாவது எதிர்த்தரப்பு மறுத்து நிரூபிக்கும் வரை செல்லும் சாட்சியமாக, நிற்கும் என்பதுதான் ஆதாயம். எழுத்து, இசை, ஓவியப் படைப்புக்கு ஒன்றுக்கு 500 ரூபாய், திரைப்படத்துக்கு 5,000 ரூபாய். விண்ணப்பித்ததும் ஒரு நாட்குறிப்பு எண் கிடைக்கும். யாராவது ஆட்சேபிக்கிறார்களா என்று 30 நாள் காத்திருப்பார்கள். அதற்குப் பிறகுதான் பரிசீலனை, அது அதன் வேகத்தில் நடக்கும். இதுதவிர, திரைக்கதை எழுதுபவர்கள் தென்னிந்தியத் திரைப்பட எழுத்தாளர்கள் சங்கத்தில் உறுப்பினராகிக் கதையைப் பதிந்துவைக்கும் வழக்கம் சென்னையில் நெடுங்காலமாக உண்டு. இரண்டும் வெவ்வேறு, ஒன்று இன்னொன்றுக்கு ஈடாகாது.

எதைப் பதிவது? “கால்வாய்ப் படகோட்டிகளைப் பற்றி ஒரு தொடர்” என்ற யோசனையைப் பதிய முடியாது. கருத்துக்கும் கருவுக்கும் உரிமை இல்லை, அதைச் சொல்லிய விதத்துக்கே உரிமை என்று உச்ச நீதிமன்றம் 1978இல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் சொல்லிவிட்டது. ஆகவே ஒரு வரிக் கதையை நாலு பேருக்கு வாட்ஸப்பில் அனுப்பிவிட்டுத் திருடிவிட்டார்கள் என்று புலம்பிப் பயனில்லை. பாத்திர விவரம், காட்சி வரிசை, முதல் அத்தியாயம், மாதிரிப் பக்கங்கள் என்று இருபது பக்கமாவது எழுதிய பிறகு பதியுங்கள்.

தொடரின் பெயருக்குப் பதிப்புரிமை உதவாது, வணிகக்குறிதான் வேண்டும். தனிநபருக்கு இணையவழியில் ஒரு வகைக்கு 4,500 ரூபாய். அச்சுக்கு 16ஆம் வகை, பொழுதுபோக்குக்கு 41ஆம் வகை. தேடல் கட்டத்தில் இந்தச் செலவு வேண்டாம் என்பது என் கருத்து. பெயர் வெளியே போகும் நாளுக்கு ஒரு மாதம் முன்பு செய்தால் போதும்.

எந்தக் கதவைத் தட்டுவது

தனிநபராகப் போகிறீர்களா, நிறுவனமாகப் போகிறீர்களா என்பதே முதல் கேள்வி.

தனிநபருக்கு என் முதல் சிபாரிசு பெங்களூருவில் இருக்கும் இந்தியக் கலைகளுக்கான அறக்கட்டளை. ஆங்கிலத்தில் இந்தியா ஃபவுண்டேஷன் ஃபார் தி ஆர்ட்ஸ் என்று தேடுங்கள். 1993இல் தொடங்கியது. கலை ஆராய்ச்சிக்குத் தனித் திட்டமும், படைப்புச் செயல்பாட்டுக்குத் தனித் திட்டமும் உண்டு. இந்திய மொழிகளில் எழுதிய முன்மொழிவுகளை ஏற்கிறார்கள்; தமிழிலேயே எழுதி அனுப்பலாம். ஆங்கிலம் தடுக்கிறது என்று ஒதுங்கி நிற்கும் எத்தனையோ பேருக்கு இது தெரிவதில்லை.

மத்தியப் பண்பாட்டு அமைச்சகத்தின் ஆய்வுநல்கையும் தனிநபருக்கானது. 25 முதல் 40 வயது வரை இளநிலை, மாதம் 10,000 ரூபாய், 40க்கு மேல் முதுநிலை, 20,000 ரூபாய், இரண்டு ஆண்டுகள். சென்னை வாடகைக்கு 10,000 ரூபாய் எங்கே போதும் என்று கேட்பீர்கள். போதாதுதான். வேறு வேலையை விடாமல் செய்கிறவருக்கு அது பயணச் செலவையும் நகல் செலவையும் தாங்கும்.

திரைப்பட முயற்சி என்றால் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தின் திரைக்கதைப் பட்டறையும், நவம்பரில் கோவாவில் சர்வதேசத் திரைப்பட விழாவோடு சேர்ந்து நடக்கும் ஃபிலிம் பஜாரும் இருக்கின்றன. கையில் பணம் தரும் இடங்கள் என்று எண்ணிப் போகாதீர்கள். பணம் உள்ளவர்களைச் சந்திக்கும் இடங்கள் அவை. தமிழ்நாடு அரசு தரமான குறைந்த செலவுத் தமிழ்ப் படங்களுக்குத் தரும் 7 லட்சம் ரூபாய் மானியம் முடிந்த படத்துக்கானது, தேடலுக்கு உதவாது.

தொழில்நுட்பம் கலந்த படைப்பு, அதாவது விளையாட்டு, மெய்நிகர் அனுபவம், தமிழுக்கான அசைவூட்டக் கருவி என்றால் வேறு வாசல்கள் திறக்கும். தமிழ்நாடு அரசின் தொழில்முனைவோர் மேம்பாடு மற்றும் புத்தாக்க நிறுவனத்தின் புத்தாக்க வவுச்சர் திட்டத்தில் முதல் நிலைக்கு 2 லட்சம் ரூபாய் வரையிலும் அடுத்த நிலைக்கு 5 லட்சம் வரையிலும் கேட்கலாம். அதே அரசின் ஸ்டார்ட்அப் டிஎன் அமைப்பு புது நிறுவனங்களுக்குத் தரும் டான்சீட் ஆதார நிதி 10 லட்சம் ரூபாய் வரை தருகிறது, பெண்கள் தலைமையிலான நிறுவனங்களுக்கு 15 லட்சம் வரை. ஆனால் நிறுவனத்தில் ஒரு சிறு பங்கை எடுத்துக்கொள்ளும். அந்த இடங்களில் உட்கார்ந்திருப்பவர்கள் கதையைக் கேட்கமாட்டார்கள். “இதை யார் வாங்குவார்கள், எத்தனை பேர்” என்றுதான் கேட்பார்கள். படகோட்டியின் பாட்டு அங்கே எடுபடாது. அந்தப் பாட்டை வைத்துப் பள்ளிப் பிள்ளைகள் விளையாடும் செயலி எடுபடலாம்.

வெளிநாட்டு நிதிகளில் ராட்டர்டாம் திரைப்பட விழாவின் ஹூபர்ட் பால்ஸ் நிதி திரைக்கதை வளர்ச்சிக் கட்டத்துக்கு உதவுவது. பழைய ஆவணங்களை மின்னாக்கம் செய்யும் வேலை என்றால் பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் நிலை ஆவணங்கள் திட்டம் உண்டு. ரோஜா முத்தையா நூலகமே அதில் நல்கை பெற்றிருக்கிறது. வெளிநாட்டுப் பணம் என்றாலே முதலில் ஆடிட்டரைப் பாருங்கள். வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவு பெற்ற அமைப்புகள் அந்தப் பணத்தை டெல்லியில் உள்ள பாரத ஸ்டேட் வங்கியின் பிரதானக் கிளைக் கணக்கில்தான் வாங்க முடியும். அதே சட்டம் பதிவு பெற்ற செய்தித்தாள்களின் கருத்துப்பட ஓவியர்கள், பத்தி எழுத்தாளர்கள் வெளிநாட்டு நன்கொடை பெறுவதைத் தடை செய்கிறது. நாளிதழில் கார்ட்டூன் போட்டுக்கொண்டே சித்திரக்கதைக்கு வெளிநாட்டு நல்கை தேடுகிற ஓவியர் இதைக் கவனிக்கவேண்டும்.

விண்ணப்பமும் வரவு செலவும்

நான் ஒருமுறை விண்ணப்பங்களைப் படிக்கும் பக்கம் உட்கார்ந்திருக்கிறேன். நாற்பது விண்ணப்பங்களில் முப்பது “தமிழர் பண்பாடு அழிந்துவருகிறது” என்று தொடங்கின. கண் தானாகத் தாவிவிடும். மரக்காணத்தில் உப்பு ஏற்றிய படகில் பத்து வயதில் அப்பாவோடு போனவர் ஒருவரைக் கண்டுபிடித்துவிட்டேன், அவருக்கு இப்போது எண்பது, இந்த ஆண்டு பேசாவிட்டால் பேச முடியாது என்று தொடங்கும் விண்ணப்பத்தை யாரும் தாண்டிப் போகமாட்டார்கள். நான் சொல்வது உதாரணம்தான். நீங்கள் உண்மையிலேயே ஒருவரைக் கண்டுபிடித்துவிட்டு எழுதுங்கள்.

வரவு செலவுக் கணக்கில் கூச்சம் ஆகாது. 3 லட்சம் ரூபாய்க்கு நான் இப்படிப் போடுவேன்: ஆறு மாதம் என் ஊதியம் 25,000 வீதம் 1,50,000, எண்ணூரிலிருந்து மரக்காணம் வரை பயணமும் தங்கலும் 30,000, நகல், வருடல் (ஸ்கேன்) கட்டணம் 20,000, பேட்டிகளைப் பதிவுசெய்து எழுத்தாக்க 40,000, எட்டு மாதிரிப் பக்கங்களுக்கு ஓவியருக்கு 6,000 வீதம் 48,000, பேட்டி தந்தவர்களுக்கு மதிப்பூதியம் 12,000. சொந்த ஊதியத்தைப் பூஜ்யமாகப் போட்டுத் தியாகம் காட்டுகிறவர்கள் உண்டு. படிக்கிறவருக்கு அது தியாகமாகத் தெரிவதில்லை, நான்காம் மாதம் கைவிட்டுவிடுவார் என்றுதான் தெரியும். நல்கையாளர் ஊதியத்துக்கு உச்சவரம்பு வைத்திருந்தால் மட்டும் அதற்குள் நில்லுங்கள்.

ஒப்பந்தம்

இங்கேதான் நான் விழுந்தேன். அதனால் நிதானமாகச் சொல்கிறேன்.

முதலில் இரண்டு சொற்களைப் பிரித்துக்கொள்ளுங்கள். உரிமை மாற்றம் என்றால் வீட்டை விற்பது. உரிமம் என்றால் வாடகைக்கு விடுவது. ஆராய்ச்சி நல்கைக்கு எதிராக உரிமை மாற்றம் கேட்டால் அது நல்கை அல்ல, மலிவான கொள்முதல். காப்பகத்தில் ஒரு பிரதி வைப்பது, தங்கள் ஆண்டறிக்கையில் வெளியிடுவது, நன்றி அறிவிப்பு கேட்பது இவையெல்லாம் நியாயமான உரிமங்கள். தாராளமாகக் கொடுக்கலாம்.

தனியார் நிறுவனம் முன்பணம் தந்து உரிமை மாற்றம்தான் வேண்டும் என்றால் பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆவது பிரிவைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருக்கவேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு. இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும். வாங்கியவர் ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால் அந்த உரிமை தானாக உங்களிடம் திரும்பும், ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லியிருந்தால் தவிர. அந்தத் “தவிர”வில்தான் சூட்சுமம். என் ஒப்பந்தத்தின் மூன்றாம் பக்கத்தில் இந்தத் துணைப்பிரிவு பொருந்தாது என்று ஒரே ஒரு வரி இருந்தது. பிரிவின் எண் மட்டும்தான், விளக்கம் இல்லை. நான் அதை விலாச எண் மாதிரி கடந்துபோய்விட்டேன். எண் மட்டும் வரும் வரிகளைத் தேடிப் பிடித்து, அந்தப் பிரிவைச் சட்டத்தில் எடுத்துப் படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

கேட்கவேண்டியவை மூன்று. ஆராய்ச்சிக் குறிப்புகளும் ஒலிப்பதிவுகளும் உங்களிடமே இருக்கவேண்டும். குறிப்பிட்ட மாதங்களுக்குள் தயாரிப்பு தொடங்காவிட்டால் கதை திரும்பவேண்டும். சித்திரக்கதைக்குக் கொடுத்தால் அனிமேஷன், விளையாட்டு, பொம்மை உரிமைகள் தனியாக உங்களிடம் நிற்கவேண்டும். மூன்றும் சேர்ந்து கிடைப்பது அரிது. முதலாவதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். பெயர் போடும் உரிமை 57ஆவது பிரிவில் தனியாக உங்களோடு நிற்கிறது. உரிமையை விற்ற பிறகும் படைப்பு உங்களுடையது என்று சொல்லிக்கொள்ளலாம்.

பணம் வந்த பிறகு

தனி வங்கிக் கணக்கு ஒன்று திறந்துகொள்ளுங்கள். பணத்தை உங்கள் வேலைக்கான கட்டணமாகக் கொடுத்தால் பொதுவாக 10 சதவீதம் வரி பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்து சரிசெய்யலாம். அனைத்து வருவாயும் சேர்ந்து ஆண்டுக்கு 20 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் சேவைகளுக்கான ஜி.எஸ்.டி. பதிவு பொதுவாகத் தேவைப்படாது. பெரும்பாலான நல்கைகள் தவணையாக வரும், முதல் தவணை எதற்குச் செலவானது என்று காட்டி ஆடிட்டர் கையெழுத்திட்ட பயன்பாட்டுச் சான்றிதழ் கொடுத்த பிறகே அடுத்தது.

ரசீதுகள்தான் தலைவலி. படகுக்காரரோ மீன் சந்தை ஆட்டோக்காரரோ பில் போட்டுத் தரமாட்டார்கள். ஒரு வவுச்சர் புத்தகம் வாங்கிப் பையில் வைத்திருங்கள். தேதி, தொகை, காரணம் எழுதி அங்கேயே கையெழுத்தோ கைநாட்டோ வாங்கிவிடுங்கள். பேட்டி தருகிறவரிடம் அதே நேரத்தில் ஒப்புதல் படிவமும். அவர் குரலையும் படத்தையும் எதற்கெல்லாம் பயன்படுத்துவீர்கள் என்பதைத் தமிழில் பெரிய எழுத்தில் ஐந்தே வரியில் எழுதி, முதலில் வாய்விட்டுப் படித்துக்காட்டுங்கள். படித்துக்காட்டுவதையும் ஒலிப்பதிவில் ஓடவிடுங்கள். பிரதி ஒன்றை அவர் வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள். ஊரிலிருந்து பேரன் வந்ததும் எடுத்துப் படிப்பான்.